ஒப்புக்கொள்வதும் விட்டுவிடுவதும்: பன்னிரண்டு படிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கி வைக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். உள்ளே வாயைத் திறக்காதவர்கள் வாசலில் நிறுத்தி, "ஒரு நிமிஷம், ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். அப்படிப் பல வருடமாகக் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை, கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பன்னிரண்டு படிகள் என்பது, குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) குழுக்களில் தொடங்கி மற்ற போதைகளுக்கான குழுக்களும் எடுத்துக்கொண்ட வழிமுறை. பெரும்பாலும் குடியை வைத்தே பேசுகிறேன். மாத்திரை, போதைப்பொருள், சூதாட்டம் என்று எதற்காகப் படிகளுக்கு வந்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான். நான் மருத்துவர் இல்லை. எந்தக் குழுவின் சார்பாகவும் பேசவும் இல்லை.

"நான் குடிக்கிறது எல்லாருக்கும் தெரியும். இதுல புதுசா ஒத்துக்க என்ன இருக்கு?"

மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பது, நீங்கள் குடிக்கிறீர்கள் என்பது. முதல் படி கேட்பது அதை அல்ல. குடியின் முன்னால் உங்கள் பலம் செல்லவில்லை, வாழ்க்கை உங்கள் கையை மீறிப் போய்விட்டது என்ற இரண்டையும் நீங்களே உங்கள் வாயால் சொல்ல வேண்டும். "ஆமாங்க, கொஞ்சம் அதிகமாத்தான் போகுது" என்பதில் அந்த இரண்டுமே இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே இன்னும் பத்து வருடம் குடிக்கலாம், பலர் குடித்திருக்கிறார்கள்.

பொதுவாகப் பேசாமல் நடந்ததைச் சொல்லிப் பாருங்கள். இரண்டோடு நிறுத்துகிறேன் என்று உட்கார்ந்து நிறுத்த முடியாமல் போன கடைசி நாள் எது? அன்றைக்கு வீட்டில் என்ன பொய் சொன்னீர்கள்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் எங்கே போனது? நாளும் ஆளும் இடமும் பேச்சில் வந்துவிட்டால் மழுப்புவது கஷ்டம்.

"ஒண்ணாவது படியிலேயே ஒத்துக்கிட்டாச்சே, திரும்பத் திரும்ப ஏன் கேக்கறாங்க?"

ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவது வேறு. முதல் படியில் குடியைப் பற்றி. நாலாவதில் நம்மைப் பற்றிய கணக்கெடுப்பு, எழுத்தில். ஐந்தாவதில் அதைக் கடவுளிடமும் நம்மிடமும் இன்னொரு மனிதரிடமும் சொல்வது. எட்டு, ஒன்பதில் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களைப் பட்டியலிட்டு ஈடுசெய்வது. பத்தாவதில் இதையே அன்றாடம் செய்வது. விட்டுவிடுவது என்று நாம் சொல்வது இவற்றுக்கு நடுவே வருகிறது. மூன்றாவதில் நம் வாழ்க்கையை நம்மைவிட மேலான சக்தியின் பொறுப்பில் விடுவதாக ஒரு முடிவு. ஆறு, ஏழில் குறைகள் நீங்கத் தயாராகி, அதைக் கேட்பது.

இந்த வரிசை வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகு வேலையில் இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்குகிறது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டு குழு என்றொரு கிறிஸ்தவ இயக்கம் இருந்தது. தன்னைத் தானே ஆராய்வது, தவறை இன்னொருவரிடம் சொல்வது, கெடுத்ததைச் சரிசெய்வது மூன்றும் அங்கிருந்து வந்த பழக்கங்கள். பன்னிரண்டு படிகளாக அவை அச்சில் வந்தது 1939-இல்.

"எனக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. யார்கிட்ட ஒத்துக்கறது, யார்கிட்ட விடறது?"

இந்தச் சண்டை படிகள் எழுதப்பட்ட நாளிலேயே நடந்துவிட்டது. கடவுள் பேச்சை ஏற்காத சிலர் முதல் உறுப்பினர்களிலேயே இருந்தார்கள். அவர்கள் பிடிவாதம் பிடித்ததால்தான் "நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்ற சொற்கள் உள்ளே வந்தன. ஏழாவது படியின் முதல் வரைவில் "மண்டியிட்டு" என்று இருந்ததும் எடுக்கப்பட்டது.

நடைமுறையில் நான் பார்ப்பது: நம்பிக்கை இல்லாத பலர் குழுவையே அந்த மேலான சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். தனியாக முடியாததை இந்த அறையில் உள்ளவர்களோடு செய்ய முடிந்தது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்தாவது படியில் கேட்கப்படும் மூவரில் இருவர், நீங்களும் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரும், நம்பிக்கை தேவைப்படாமலே இருக்கிறார்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

"நாலாவது படியில என்னதான் எழுதணும்? வாழ்க்கை வரலாறா?"

வாழ்க்கை வரலாறு எழுத உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தைத் தாண்டுவதில்லை. எழுதியதும் கதையாகிவிடும், அதில் நாம் கதாநாயகன் ஆகிவிடுவோம். ஒரு வியாபாரி கடையில் என்ன இருக்கிறது, எது கெட்டுப்போயிற்று என்று கையிருப்பை எண்ணுவது போலத்தான் 1939-ஆம் வருட அடிப்படை நூல் இதை விளக்குகிறது. ஆகவே கட்டம் போட்டு எழுதுவதே நல்லது. யார் மேல் மனக்கசப்பு, என்ன காரணம், அது என்னில் எதைப் பாதித்தது என்று மூன்று கட்டம் அந்த நூலிலேயே உண்டு. இதில் என் பங்கு என்ன என்று அதே அத்தியாயம் பிறகு கேட்கிறது. பலரும் அதை நாலாவது கட்டமாகப் போட்டுக்கொள்கிறார்கள். மனக்கசப்புக்குப் பிறகு பயங்கள், அதன் பிறகு பாலுறவு விஷயங்களில் நடந்துகொண்ட விதம்.

ஒரு வரி எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். பலருடைய நோட்டுகளை மனதில் வைத்து நானே எழுதிய மாதிரி இது. முதல் கட்டம்: "அண்ணன்." இரண்டாவது: "அப்பா வீட்டைத் தன் பேருக்கு எழுதிக்கிட்டான்." மூன்றாவது: "பணம். உறவுக்காரங்க முன்னாடி மரியாதை." இந்த மூன்றையும் யாரும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார்கள். நாலாவது கட்டம் நாள்கணக்கில் காலியாக இருக்கும். கடைசியில் இப்படி வரும்: "அப்பா படுக்கையில கிடந்தப்ப நான் போய்ப் பார்க்கவே இல்லை. அண்ணிதான் குளிப்பாட்டினாங்க. பத்திரத்தில கையெழுத்துப் போட வரச் சொன்ன அன்னைக்கு நான் போதையில இருந்தேன். என்னைக் கூப்பிடவே இல்லைன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." அண்ணன் செய்தது நியாயமாகிவிடவில்லை. ஆனால் இத்தனை வருடம் குடிக்கக் காரணமாகச் சொல்லி வந்த கதையில் ஒரு பக்கம் கிழிந்துபோயிருந்தது இப்போது தெரிகிறது.

"எழுத உட்கார்ந்தாலே கை நடுங்குது. பழசைக் கிளறினா மறுபடி குடிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

நடுக்கம் எதனால் என்று முதலில் பார்க்க வேண்டும். குடியை நிறுத்திச் சில நாட்களே ஆகிறது என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென நிறுத்தும்போது முதல் சில நாட்களில் வலிப்பும், நினைவு தடுமாறிப் பிதற்றும் நிலையும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரைகளில் சிலவற்றைத் தடாலென்று நிறுத்துவதும் அப்படித்தான். அதற்கு எந்தப் படியும் மருந்தாகாது. மனநலத்துக்கு மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்து என்று எந்த ஸ்பான்சராவது (படிகளில் நமக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) சொன்னால் ஸ்பான்சரை மாற்றுங்கள். அதைச் சொல்லும் வேலை அவருடையதல்ல.

உடம்பு தெளிந்தும் பயம் இருந்தால், அது எல்லோருக்கும் உள்ள பயம்தான். ஒரே மூச்சில் எழுதி முடிக்காதீர்கள். தினம் அரை மணி நேரம், கடிகாரம் வைத்துக்கொண்டு. முடிந்ததும் யாருக்காவது போன் செய்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தனியாக உட்கார்ந்து எழுதுவதைத்தான் நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன்.

"சின்ன வயசுல எனக்கு ஒரு கொடுமை நடந்தது. அதுலயும் 'என் பங்கு' எழுதணுமா?"

வேண்டாம். குழந்தைக்கு நடந்த கொடுமையில் குழந்தைக்குப் பங்கு கிடையாது. அடி வாங்கியவருக்கும் பலாத்காரத்துக்கு ஆளானவருக்கும் அப்படியே. அந்த வரியில் நாலாவது கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது "பங்கு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். "ஏதாவது இருக்கும், யோசி" என்று அழுத்துகிறவர் உங்களுக்கு உதவவில்லை.

பிற்காலத்தில் அந்தக் காயத்தைச் சாக்காக வைத்து நாம் மற்றவர்களைக் காயப்படுத்தியிருந்தால் அது தனி வரி, தனிப் பெயர், தனிக் கணக்கு. இரண்டையும் கலக்கக் கூடாது. இந்த மாதிரி விஷயங்களை ஸ்பான்சரிடம் மட்டும் வைத்துக்கொள்ளாமல், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடமும் பேசுங்கள். நல்ல ஸ்பான்சருக்குத் தன் எல்லை எதுவென்று தெரியும்.

"எனக்குள்ளயே ஒத்துக்கிட்டேன். இன்னொரு ஆள் எதுக்கு?"

நமக்குள்ளேயே ஒத்துக்கொண்டதை நமக்குள்ளேயே திருத்திக்கொள்ளலாம் என்பதால்தான். காலையில் "நான் திருடினேன்" என்று இருப்பது, சாயங்காலம் "கடனாத்தான் எடுத்தேன்" ஆகிவிடும். வெளியே ஒரு காது கேட்டுவிட்டால் அந்தத் திருத்தம் செல்லாது. இன்னொன்றும் உண்டு. தனியாக இருக்கும்போது நம்மை நாமே மன்னிப்பதும் அளவு மீறும், திட்டுவதும் அளவு மீறும். உலகத்திலேயே மோசமானவன் நான்தான் என்று கருதிக்கொண்டு வந்து உட்கார்ந்தவரிடம், எதிரே இருப்பவர் "நானும் இதைச் செஞ்சிருக்கேன், அடுத்தது சொல்லு" என்று டீ குடித்தபடி சொல்லும்போது, அந்தக் கெட்ட பெருமையும் இறங்கிவிடும்.

படிகளை எழுதிய பில் வில்சனே குடியை நிறுத்தியது 1934 டிசம்பரில். எட் டவுலிங் என்ற ஜெசூயிட் பாதிரியாரிடம் மனம் திறந்து பேசி அதைத் தன் ஐந்தாவது படி என்று அவர் சொன்னது 1940-இல் நடந்த சந்திப்பைப் பற்றி. அவருக்கே இன்னொரு ஆள் தேவைப்பட்டது, அதுவும் சாவகாசமாக.

"யார்கிட்ட சொல்றது? என் மனைவியே என்னை நல்லாப் புரிஞ்சவதானே?"

மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை யாரும் வேண்டாம். நீங்கள் சொல்லப்போகும் பக்கங்களில் அவர்களே பாத்திரங்கள். நமக்கு மனம் லேசாக வேண்டும் என்பதற்காக அவர்கள் தலையில் ஒரு சுமையை ஏற்றிவிட்டு எழுந்து போக நமக்கு உரிமை இல்லை. குடும்பத்திடம் சொல்ல வேண்டியவற்றுக்கு ஒன்பதாவது படி இருக்கிறது, அதன் சிக்கல் கீழே வருகிறது.

பெரும்பாலோர் ஸ்பான்சரிடம் சொல்கிறார்கள். மதகுரு, மனநல ஆலோசகர், மருத்துவர், வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த பழைய நண்பர் யாராகவும் இருக்கலாம். நான் பார்ப்பது மூன்று விஷயம். அவர் கேட்டு அதிர்ச்சியடையக் கூடாது, இதில் அவருக்கு லாப நஷ்டம் இருக்கக் கூடாது, நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவராகவும் இருக்கக் கூடாது. ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் சொல்வது வழக்கம். ஈர்ப்புக்கு இடமில்லாதவரிடம் சொல்வது என்பதே அதன் பொருள், அவரவர் நிலைக்கு ஏற்றபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

"சொன்னதை அவர் வெளியே சொல்லிட்டா? போலீஸ் கேஸ் ஆகற விஷயமும் இருக்கு."

முதல் பாதிக்குப் பதில்: ஒரேயடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். சின்ன ஒன்றைச் சொல்லி, அது எங்கேயாவது சுற்றி வருகிறதா என்று சில வாரம் பாருங்கள்.

இரண்டாவது பாதியில் விளையாடக் கூடாது. ஸ்பான்சரிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் ஒரு இரட்டைக் கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் சக ஏ.ஏ. உறுப்பினர்களிடம் சொன்னதை அவர்களே நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொன்னார்கள். மதகுருவிடம் சொன்னதுக்கு நிகராக அதைப் பாதுகாக்க வேண்டும் என்ற வாதம், கடைசியில் 2002-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. வழக்கறிஞரிடமோ, சில நாடுகளில் மதகுருவிடமோ பேசுவதற்கு இருக்கும் காப்பு வேறு. உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, அந்த ஒரு விஷயத்தை யாரிடம் எப்படிச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள். அதற்காக மற்றவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். இப்போதும் ஒரு குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்றால் மட்டும், ரகசியம் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணைத் தவிர."

இதை நான் கேட்காத வருடம் இல்லை. அந்த ஒன்று பெரும்பாலும் நீங்கள் நினைக்கும் அளவு பயங்கரமானதாக இருக்காது. வெட்கமானதாக இருக்கும். நோயாளி அம்மாவின் மருந்துப் பணத்தை எடுத்தது, தூங்குகிற குழந்தையைத் தனியே பூட்டிவிட்டுப் போனது. பெரிய குற்றங்களைத் தைரியமாகச் சொல்லிவிட்டு இந்த மாதிரி ஒன்றை மட்டும் மடித்து உள்ளே வைத்துக்கொள்வோம். பிறகு யாராவது நம்மைப் பாராட்டும்போதெல்லாம் "அது தெரிஞ்சா இப்படிப் பேசுவாங்களா" என்று உள்ளே ஒரு குரல் ஓடும். அந்தக் குரலை அடக்க நமக்குத் தெரிந்த பழைய வழி ஒன்றுதான்.

சொல்லும் முறை எளிது. அடுத்த முறை பார்க்கும்போது, வணக்கம் சொன்ன கையோடு, "போன தடவை ஒண்ணை விட்டுட்டேன்" என்று ஆரம்பித்துவிடுங்கள். அரை மணி நேரம் வேறு பேசிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தால் வாய் வராது. சட்டச் சிக்கல் உள்ளதென்றால் முந்தைய பதிலைப் பாருங்கள்.

"ஐந்தாவது படி முடிச்சேன். நிம்மதி வரும்னாங்க, ஒண்ணுமே வரலை."

சிலருக்கு அன்றைக்கே அழுகையும் லேசான மனமும் வரும். சிலருக்குத் தலைவலிதான் வரும். எதையும் உணராததால் நீங்கள் தப்பாகச் செய்துவிட்டதாக அர்த்தமில்லை. அன்றிரவு தூங்கிவிட்டு, மறுநாள் எதையாவது விட்டோமா என்று மட்டும் ஒருமுறை யோசியுங்கள்.

"விட்டுடு, விட்டுடுன்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படி விடறதுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

நியாயமான கோபம். எங்களில் பலர் அதை ஒரு மந்திரம் போல உச்சரித்துவிட்டுப் போய்விடுகிறோம். முதலில், எதை விடுவது என்று பெயர் தெரியாமல் விட முடியாது. "என் கோபத்தை" என்றால் கைக்கு எதுவும் அகப்படாது. "அண்ணன் ஒருநாள் வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேப்பான் என்ற எதிர்பார்ப்பை" என்றால் அகப்படும். நாலாவது படியின் நாலாவது கட்டம் உதவுவது இங்கேதான். கட்டத்தை நிரப்பாதவர்களுக்குத்தான் விடுவது மாயம் போலத் தெரிகிறது.

அடுத்தது, அது மனதில் நடக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். விவாகரத்தான ஒருவர் தினமும் இரவில் முன்னாள் கணவரின் முகநூல் பக்கத்தைத் திறந்து, யார் கூட இருக்கிறார், எங்கே போகிறார் என்று பார்ப்பார். பார்த்த கையோடு குடிக்கத் தோன்றும். "அவரை மனசிலிருந்து விடு" என்றால் அவரால் முடியவில்லை. செய்ய முடிந்தது இவை: அந்தக் கணக்கை பிளாக் செய்தார். படுக்கும் அறைக்கு வெளியே போனை சார்ஜில் போட்டார். அந்த நேரம் வந்ததும் ஒரு தோழிக்கு "இப்போ பார்க்கணும்னு தோணுது" என்று ஒரே வரி அனுப்பினார். பிளாக்கை எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்த இரவுகளும் உண்டு. அடுத்த நாள் மறுபடி பிளாக். மனம் பல மாதம் கழித்துத்தான் பின்னாலேயே வந்தது. ஆறாவது படி "முழுமையாகத் தயாராக இருந்தோம்" என்கிறது. எனக்குத் தெரிந்து யாரும் ஒரே நாளில் முழுமையாகத் தயாரானதில்லை.

"அப்போ விட்டுடறதுன்னா பொறுப்பைக் கைகழுவறதா? கடன்காரன் வாசல்ல நிக்கறான்."

கடனைக் கட்ட வேண்டியது நீங்கள்தான். கூட்டங்களில் சொல்லும் மன அமைதிப் பிரார்த்தனை, 1940-களின் தொடக்கத்திலிருந்தே ஏ.ஏ.வில் புழங்குவது, பெரும்பாலும் ரைன்ஹோல்ட் நீபர் என்ற இறையியலாளருடையதாகக் கருதப்படுவது, இரண்டு பங்காகப் பிரிக்கிறது: மாற்ற முடியாததை ஏற்க அமைதி, மாற்ற முடிந்ததை மாற்றத் துணிவு. நாம் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்கிறோம்.

கடன்காரரைப் பார்த்து, எவ்வளவு பாக்கி, மாதம் எவ்வளவு தர முடியும் என்று பேசுவது உங்கள் பக்கம். அவர் ஒத்துக்கொள்வாரா, திட்டுவாரா, உங்களைப் பற்றி என்ன நினைப்பார் என்பது அவர் பக்கம். விட வேண்டியது அதைத்தான். போனை எடுக்காமல் இருந்துவிட்டு "கடவுள் கிட்ட விட்டுட்டேன்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

"என் கோபம்தான் என்னைக் காப்பாத்திச்சு. அதை விட்டா என்னை மிதிச்சுட்டுப் போயிடுவாங்க."

உண்மை இருக்கிறது. பெரும்பாலான குறைகள் ஒரு காலத்தில் நம்மைக் காப்பாற்றியவை. அடிக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பொய் ஒரு கேடயம். நாற்பது வயதில் யாரும் அடிக்காத வீட்டிலும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிரச்சினை. ஆறாவது படியில் கேட்க வேண்டியது "இது கெட்டதா" என்பதை விட, "இப்போது இதனால் எனக்கு என்ன கிடைக்கிறது" என்பது. கோபத்தால் வீட்டில் எல்லோரும் உங்களைக் கண்டு ஒதுங்குகிறார்கள், கேள்வி கேட்பதில்லை என்றால், கிடைப்பது அதுதான். அதை விட மனம் வராமல் இருப்பது இயல்பு. மனம் வரவில்லை என்பதையும் ஸ்பான்சரிடம் சொல்லலாம், அதுவும் ஒப்புதல்தான். நியாயத்துக்காக எதிர்த்துப் பேசுவதை யாரும் விடச் சொல்லவில்லை.

"என்னை ஏமாத்தினவனை மன்னிச்சே ஆகணுமா?"

படிகளில் அப்படி ஒரு வரி இல்லை. மனக்கசப்பு நம்மைத் திரும்பக் குடிக்க வைக்கும் என்று மட்டும்தான் அனுபவம் சொல்கிறது. அவர் செய்தது சரி என்று சொல்ல வேண்டாம், மறுபடி உறவாட வேண்டாம், கொடுத்த பணத்தை வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கலாம். மனதுக்குள் அவரோடு தினமும் நடத்தும் வாக்குவாதத்தை நிறுத்த முடிந்தால் போதும். அதற்கு மேல் வந்தால் வரட்டும்.

"நேர்மையா இருக்கணும்னா, எனக்கு இன்னொரு தொடர்பு இருந்ததை மனைவிகிட்ட சொல்லியே ஆகணும் இல்லையா?"

கேள்விகளிலேயே இதுதான் கஷ்டமானது. ஒன்பதாவது படி, ஈடுசெய்வது அவர்களையோ வேறு யாரையோ காயப்படுத்தும் என்றால் தவிர என்று விலக்கு வைத்திருக்கிறது. அந்த விலக்கை இரண்டு பேர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். சொல்லப் பயந்தவர் "அவளுக்கு வலிக்குமே" என்று அதன் பின்னால் ஒளிகிறார். சொல்லத் துடிப்பவர் தன் பாரம் இறங்க வேண்டும் என்று எதையும் யோசிக்காமல் கொட்டுகிறார்.

எனக்குத் தெரிந்தவரை: அவசரத்தில் சொல்லாதீர்கள், தனியாக முடிவெடுக்காதீர்கள். தொடர்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அது நிற்க வேண்டும். அவருக்கு நோய்த்தொற்று வந்திருக்க வாய்ப்பு உண்டென்றால் அது உடல்நலப் பிரச்சினை. மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்து, அவருக்குத் தெரியப்படுத்தித்தான் ஆக வேண்டும். அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கேட்காத பழைய விஷயத்தைச் சொல்வதா என்பது, ஸ்பான்சரோடும் முடிந்தால் குடும்ப ஆலோசகரோடும் பேசி எடுக்க வேண்டிய முடிவு. மூன்றாவது ஆளின் பெயரை எந்த நிலையிலும் இழுக்காதீர்கள், அவருக்கும் குடும்பம் இருக்கலாம். நடத்தையால் ஈடுசெய்வது, சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவது, சம்பளத்தை முழுதாகக் கொடுப்பது, இதற்கெல்லாம் யாருடைய அனுமதியும் தேவையில்லை. இன்றே ஆரம்பிக்கலாம்.

"மறுபடி குடிச்சுட்டேன். கூட்டத்துல சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது."

தெரியாதுதான். உங்களுக்குத் தெரியும், அது போதும் அடுத்த பாட்டிலுக்கு. "ஒண்ணே ஒண்ணைத் தவிர" என்ற கேள்விக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும், கற்றுக்கொண்டது அழியாது. எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாவிட்டால் இன்றிரவுக்குள் ஒருவரிடம் சொல்லுங்கள். இன்னும் குடித்துக்கொண்டிருந்தால், உடலைப் பற்றி மேலே சொன்னது முதலில்.

"நான் குடிக்கறதில்லை. குடிக்கறது என் மகன். நான் என்னத்தை ஒத்துக்கணும், என்னத்தை விடணும்?"

குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951-இல் உருவானது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே பன்னிரண்டு படிகள்தான். மகனின் குடி உங்கள் கையில் இல்லை என்பது அங்கே முதல் ஒப்புதல். நீங்கள் அதை உண்டாக்கவும் இல்லை.

விட வேண்டியது மகனை என்று பல தாய்மார்கள் நினைத்துப் பதறுகிறார்கள். விட வேண்டியது அவன் பையைச் சோதிப்பது, பாட்டிலை எண்ணுவது, வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று ஆபீசுக்கு நீங்களே போன் செய்வது. அவன் மயங்கிக் கிடந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதை யாரும் விடச் சொல்லமாட்டார்கள். அடிக்கிறான் என்றால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், படிகளைப் பிறகு பார்க்கலாம்.

"இதெல்லாம் வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சி ஏதாவது இருக்கா, இல்லை நம்பிக்கைதானா?"

இருக்கிறது. 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கியவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் முறைப்படி மக்களை ஏ.ஏ.வுக்கு வழிநடத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிட மேலாக இருந்தது. குடியின் அளவு போன்ற மற்ற அளவுகோல்களில் பெரும்பாலும் அவற்றுக்குச் சமமாக இருந்தது. அது குடிக்கு மட்டும். மற்ற போதைகளுக்கு அதே முடிவை நீட்டிவிட முடியாது. படிகள் ஒத்துவராமல் வேறு சிகிச்சையில் நலமானவர்களும் உண்டு, அவர்களோடு சண்டை போட எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

"பத்தாவது படியை தினமும் எழுதணுமா? சலிப்பா இருக்கு."

மூன்று வரி போதும். இன்று யாரிடம் கடுமையாக நடந்தேன், எதை மறைத்தேன், நாளைக்கு யாரிடம் "தப்பு என்னுடையது" என்று சொல்ல வேண்டும். எழுதப் பிடிக்காவிட்டால் பல் தேய்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். நல்லதாகச் செய்ததையும் சேருங்கள், கணக்கு என்றால் இரண்டு பக்கமும் உண்டு.

"ஒருத்தர் வாராவாரம் தன்னோட தப்பையெல்லாம் கண்ணீரோட சொல்றார். எல்லாரும் கை தட்டறாங்க. எனக்கு ஏன் நம்பிக்கை வரலை?"

உங்கள் மூக்கு சரியாக இருக்கலாம், ஆனால் அவரை அளப்பது உங்கள் வேலையும் இல்லை என்னுடையதும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன். ஒரே கதையைப் பலமுறை சொல்லும்போது அது மெருகேறிவிடும். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள், எங்கே அழுவார்கள் என்று தெரிந்துவிடும். பத்து வருடத்துக்கு முன்பு செய்ததைச் சொல்ல இப்போது அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. போன வியாழக்கிழமை பிள்ளையிடம் கத்தியதைச் சொல்லத்தான் சிரமம். கூட்டத்தில் பழைய கதை உதவாது என்று சொல்லவில்லை, புதிதாக வந்தவருக்கு அதுதான் வேண்டும்.

அதே பழக்கம் உங்களுக்கும் வந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால், ஸ்பான்சரிடம் இந்த வாரம் நடந்த ஒன்றை, கேட்பவர் சிரிக்கவோ அழவோ வழியில்லாத சின்ன ஒன்றை, சொல்லிப் பாருங்கள். சொல்லி முடித்ததும் அவர் "சரி, அவங்ககிட்ட எப்போ பேசப் போறே?" என்று கேட்பார். அதற்கு ஒரு நாளைச் சொல்லுங்கள்.